ஓ.பி.யில அந்த அஞ்சு நிமிஷம்: தேவையா, வெட்டியா?

காட்பாடி_ஜங்ஷன்:
புறநோயாளிக்கு வேண்டியது நாலு நல்ல வார்த்தை. "வாங்கம்மா, சாப்டீங்களா"ன்னு கேட்டாலே பாதி நோய் போயிடும். பி.பி. அளவு சரியா வரணும்னா, பாக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஓய்வா உட்கார வைக்கணும்னு சிலர் கிளப்பறது நடக்காத காரியம். 200 பேர் வந்தா ஆயிரம் நிமிஷம். பதினாறு மணி நாப்பது நிமிஷம்!

கோட்டை_அகழி:
கணக்குல புலிதான் நைனா நீங்க. ஒருத்தர் கையில கஃப், அதான் பி.பி. பாக்க காத்து ஏத்தற பட்டை, இருக்கறப்போ மத்தவங்க நின்னுக்கிட்டேதான் இருக்கணுமா? ஆளுக்கு ரெண்டு நிமிஷம் வச்சுக்குங்க. மேஜை பக்கத்துல மூணு நாற்காலி. கடைசி நாற்காலிக்காரர் மேஜைக்கு வர்றதுக்குள்ள ஆறு நிமிஷம் தானா ஓடிடும். ஸ்டூல் உதவாது. முதுகு சாயணும், ரெண்டு பாதமும் தரையில படணும், கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல இருக்கணும்.

காட்பாடி_ஜங்ஷன்:
ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து அடுத்த நாற்காலிக்கு நகர்றது ஓய்வா? அதுக்குப் பேரு மியூசிக்கல் சேர்.

ஆற்காடு_மக்கன்பேடா:
திருப்தின்னா இன்னான்னு முதல்ல பேசிக்கலாமே. எதிர்பார்த்ததுக்கும் கிடைச்சதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைத்தான் சேவைத் தரம்னு வச்சு, பரசுராமன், ஜீத்தாமல், பெர்ரின்னு மூணு ஆய்வாளர்கள் 1988ல அஞ்சு தலைப்புல 22 கேள்வியா பிரிச்சாங்க. நம்பகம் வேற, பரிவு வேற...

கோட்டை_அகழி:
பேடா சார், பாடம் அப்புறம். ஜங்ஷன், யாரு நகரச் சொன்னா? டோக்கன் குடு, உட்கார்ந்த இடத்துலயே இருக்கட்டும். உங்க "சாப்டீங்களா"வுக்கும் வர்றேன். கஃப்ல காத்து ஏறும்போது பேச்சுக் குடுத்தா மேல் அளவு பத்து புள்ளி வரைக்கும் ஏறும். பாசமா பேசி 138ஐ 148 ஆக்குவீங்க. அதை நம்பி அம்லோடிபின்ங்கற பி.பி. மாத்திரை 5 மி.கி.யிலருந்து பத்தாகும். பத்து மி.கி. போட்டா சில பேருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதனால ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கணும். அப்புறம் "அங்க வைத்தியம் சரியில்ல"ன்னு தெரு பூரா பேச்சு. வரவேற்பெல்லாம் வாசல்லயே முடிச்சுக்குங்க. கஃப் கட்டினா வாயைக் கட்டுங்க.

குடியாத்தம்_தறி:
மாத்திரை ஜன்னலை யாரும் தொடலையே? மாத்திரை அட்டையைக் கத்தரிச்சு, பேரும் தேதியும் இல்லாத துண்டைக் கையில திணிக்கறாங்க. ரெண்டுமே சின்ன வெள்ளை மாத்திரை. எது காலைக்கு, எது ராத்திரிக்கு? கவர்ல ஒரு சூரியன், ஒரு நிலா போட எவ்ளோ நேரமாகும்?

காட்பாடி_ஜங்ஷன்:
தறி அக்கா, தனி இழை தொடங்குங்க. டோக்கனாம்! அந்த இரைச்சல்ல காது கேக்குமா? பெரியவங்க ஒவ்வொரு நம்பருக்கும் எழுந்து எழுந்து உட்காருவாங்க. உங்க அஞ்சு நிமிஷம் அங்கயே காலி. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்னு பேரெடுத்த வேலூர்க்காரர் ஓய்வைப் பத்திப் பேசறாரு.

கோட்டை_அகழி:
எங்க கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லயே உள்ள வந்தாச்சு. 2021 நவம்பர்ல பாலாத்துல வந்த வெள்ளம் அக்கரையில இருக்கற உங்களுக்குத் தெரியாமலா போச்சு? ஊசி போட்டாத்தான் ஜனங்களுக்குத் திருப்தின்னு போன விவாதத்துல உளறிட்டு, பதில் சொல்லாம ஓடினதும் நீங்கதான். அஞ்சு அஞ்சு நம்பரா கூப்பிட்டா யாரும் எழுந்து எழுந்து உட்கார மாட்டாங்க. சட்டைக் கை மேல கஃப் சுத்தக் கூடாது. கைச் சுற்றளவு 34 செ.மீ. தாண்டினா பெரிய கஃப் வேணும், சின்னது கூடுதலா காட்டும். சிறுநீரை அடக்கிக்கிட்டு உட்கார்ந்தாலும் ஏறும். முதல்ல கழிப்பறை எந்தப் பக்கம்னு சொல்லுங்க, அதான் நல்ல வார்த்தை.

ஆற்காடு_மக்கன்பேடா:
நீங்க சொல்றது நம்பகம், அவர் சொல்றது பரிவு. ரெண்டுமே அந்த அஞ்சு தலைப்புல...

காட்பாடி_ஜங்ஷன்:
அதெல்லாம் இருக்கட்டும். 200 பேர், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஆயிரமா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

கோட்டை_அகழி:
வரிசையில நிக்கற நேரத்தையே உட்கார்ற நேரமா மாத்தச் சொன்னேன். மூணாவது தடவை சொல்றேன். ஆளுக்கு ரெண்டு நிமிஷம், ரெண்டு மேஜை போட்டா 200 நிமிஷம்.

குடியாத்தம்_தறி:
சூரியனும் நிலாவும் இன்னாச்சு?

காட்பாடி_ஜங்ஷன்:
ஆயிரம்.