சாந்தில்லாமல் நிற்கும் சுவர்

பெரிய வயதிலும் லெகோ என்ற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டை அடுக்குகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இத்தனை பேர் இருக்கிறோம் என்று போன மாதம்தான் தெரிந்தது. என்னுடைய கதையை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

எனக்கு ஊர் கொக்குவில். 2002இல் போரால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை திறந்தபின் டென்மார்க்கிலிருந்து சித்தப்பா குடும்பம் முதன்முறையாக வந்தது. அங்கே அபிராமி அம்மன் கோயில் இருக்கும் பிரண்டா என்ற ஊரில்தான் அவர்கள் வீடு. லெகோ பிறந்த பில்லுண்ட் அங்கிருந்து அதிக தூரமில்லை. சித்தப்பாவின் சின்ன மகன் விறாந்தையில் இருந்து நாள் முழுக்கக் கட்டை அடுக்குவான். எனக்கு அப்போது 18 வயது. தொட்டுப் பார்க்க ஆசை, ஆனால் ஏஎல் படிக்கிற பெடியன் தரையில் இருந்து விளையாடுவதா என்று வெட்கம். போகும்போது அவன் ஒரு பால்மா ரின் நிறையக் கட்டையை விட்டுவிட்டுப் போனான். அம்மா அதை அலுமாரிக்கு மேலே வைத்தார்.

அதை நான் திறந்தது 20 வருடம் கழித்து. 2022 மார்ச் கடைசி, நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த எனக்கு இருட்டு புதிதில்லை, ஆனால் கை சும்மா இருக்க மறுத்தது. ரின்னில் எட்டுக் குமிழ் உள்ள சிவப்புக் கட்டை ஆறு இருந்தன. அந்த ஆறை மட்டும் வைத்து 915,103,765 விதமாகப் பொருத்தலாம் என்று பிறகு அறிந்தேன். அன்றைக்கு நான் ஒரு இருபது விதம் பார்த்திருப்பேன். கட்டை பொருந்தும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம் இருட்டில் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் தெரியுமா!

அடுத்த வருடம் சித்தப்பா புதுப் பெட்டி கொண்டுவந்தார். புதுக் கட்டையைப் பழைய ரின் கட்டை மேல் வைத்து அழுத்தினேன். அப்படியே இருந்தது, ஒரு மயிரிழை ஆட்டமில்லை. 1958இல் வந்த கட்டையும் இன்றைய கட்டையோடு பொருந்துமாம். நாங்கள் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வீடு மாறி, எத்தனையோ மாறிய பிறகும் 2002இன் கட்டை 2023இன் கட்டையைப் பிடித்துக்கொண்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அப்புறம் எங்கள் பொதுநூலகத்தைக் கட்டத் தொடங்கினேன். 1959இல் திறந்து, 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து, பிறகு திருத்தி எழுப்பிய அதே வெள்ளைக் கட்டடம். அதற்குப் பெட்டியும் இல்லை, வழிகாட்டிப் புத்தகமும் இல்லை. சைக்கிளில் போய் வாசலில் நின்று சன்னல்களை எண்ணிக் கொப்பியில் வரைந்தேன்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். போன வருடம் கிணற்றுக் கட்டு வெடித்து, திருத்த ஒரு மேசன் ஐயா வந்தார். எழுபது வயதிருக்கும். தேத்தண்ணி குடிக்க விறாந்தைக்கு வந்தவர் மேசையைப் பார்த்தார்.

"தம்பி, உது எங்கட லைபிரறி எல்லோ?"

"ஓம் ஐயா."

குனிந்து கனநேரம் பார்த்தார். "முன்சுவர் நிக்காது. மூட்டுக்கு மேல மூட்டு விழுந்திருக்கு" என்று பெருவிரலால் மெல்லத் தள்ளினார். சுவர் நேர்கோட்டில் இரண்டாகப் பிளந்தது. கீழ்வரியின் மூட்டுக்கு மேலே எப்போதும் முழுக்கல் வர வேண்டும் என்று காட்டித் தந்தார். பிறகு ஒரு கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "சாந்தில்லாமல் எப்படித் தம்பி பிடிக்குது?" என்று கேட்டார்.

அடியில் இருக்கும் குழாயைக் காட்டினேன். கீழ்க்கட்டையின் குமிழ் அந்தக் குழாய்க்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் போய் இறுகும், அதுதான் சாந்து என்றேன். அவர் நகத்தால் குழாயைத் தடவிப் பார்த்தார். "கண்டுபிடிச்சவன் வேலை தெரிஞ்சவன்" என்றார். அதைக் கண்டவர்கள் ஒரு தச்சரின் பட்டறையில் வளர்ந்தவர்கள், 1932இல் மரப் பொம்மையில் தொடங்கிய குடும்பம் என்று சொன்னபோது, அப்படித்தான் இருக்கும் என்பதுபோலத் தலையாட்டினார்.

அன்று கிணற்று வேலை பின்னேரம்தான் தொடர்ந்தது. பின்சுவர் முழுக்க அவர் கட்டியது. சீமெந்தில் வெடித்த அந்த விரல்கள் சின்னக் கட்டையை எவ்வளவு மென்மையாகப் பிடித்தன! நான் கட்டிய முன்சுவரைவிட அது இன்றைக்கும் உறுதி.

*

சாவகச்சேரியிலிருந்து:

நான் தாதி. நைட் டியூட்டி முடிந்து வந்தால் உடனே நித்திரை வராது. அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய பூங்கொத்துப் பெட்டி ஒன்று, 756 துண்டு. முதல் வேலையே துண்டுகளைப் பிரிப்பதுதான். நான் கட்டிலில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குப் போய்ச் சுளகை எடுத்து வந்தார். எல்லாவற்றையும் அதில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி இரண்டு தட்டு. சின்னது ஒரு பக்கம், பெரியது ஒரு பக்கம். பத்து நிமிடம் ஆகவில்லை!

அன்றிலிருந்து அம்மா பிரிப்பார், நான் பொருத்துவேன். வாட்டில் நடந்ததை நான் வீட்டில் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சுளகுக்கு முன்னால் இருக்கும்போது தானாக வாய் திறக்கிறது. அம்மாவும் கை வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார். பூங்கொத்து முடிந்ததும் சாமிப்படத்துக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். மணமில்லாத பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சோக்கேசில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் தானே கொண்டுபோய் வைத்தார்.

*

பருத்தித்துறையிலிருந்து:

கொக்குவில் அண்ணைக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக் கட்டையை வெயில் படும் சன்னலோரம் வைக்காதீர்கள், மஞ்சளாகும். என்னுடைய வெளிச்சவீடு அப்படித்தான் போனது. சோளகக் காற்று தொடங்கினால் புழுதி வேறு. மெல்லிய பிரஷால் தட்டுங்கள். கழுவுவதென்றால் இளஞ்சூட்டுத் தண்ணீர், 40 பாகைக்கு மேல் வேண்டாம்.

*

கொக்குவில்:

நன்றி தம்பி, மேசையை இன்றைக்கே உள் அறைக்கு மாற்றிவிட்டேன்.

சாவகச்சேரித் தங்கச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுச் சுளகும் இப்போது என் மேசைக்கு வந்துவிட்டது.

நூலகத்தின் நடுக்கோபுரம்தான் கஷ்டமாக இருந்தது. முழுக்கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், அதில் அடுக்கினால் வளைவு படிக்கட்டு மாதிரித் தெரிகிறது. மூன்று தடவை பிரித்தேன். போன ஞாயிறு மேசன் ஐயா கோயிலுக்குப் போய்விட்டு வேட்டி சால்வையோடு அப்படியே வந்தார், வேலை ஒன்றும் இல்லை, பார்க்கத்தான். "கனத்த கல்லில வளைவு வராது தம்பி. மெல்லிசை எடுத்து வரிக்கு வரி கொஞ்சம் உள்ளுக்கு இழு" என்றார். தட்டைக் கட்டை 3.2 மில்லிமீற்றர்தான், மூன்று சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை. அதில் வளைவு வந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரம் வரை இருவரும் அடுக்கினோம்.

இன்னும் நான்கு வரி மிச்சம். வெள்ளைத் தட்டைதான் முடிந்துவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். மேசன் ஐயாவுக்கும் சொல்லிவிட்டேன்.