வேலை கொடுத்தும் செய்யாத காலனி ஆட்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பனிக்காட்டு ராசா:
வேற்றுக்கிரகத்தில் காலனி அமைத்து ஆட்களை வேலை வாங்கும் கணினி விளையாட்டு ரிம்வேர்ல்ட், அதில் நடந்தது. இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். குளிர் இறங்குவதற்குள் அரிசி அறுவடை முடிந்துவிட்டது. அறுத்தவர் அப்படியே வயலில் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார், சுமப்பது தனி வேலை, உங்களுக்கே தெரியும். வேலைப் பட்டியலில் சுமப்பதற்கு இரண்டு பேருக்கு டிக் போட்டிருந்தேன். ஒருத்தி சிற்பி. இன்னொருவர் சுரங்க வாசலில் கிடந்த இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தார், அதுதான் அவருக்குப் பக்கமாம்.

பனி கொட்டுகிறது. சமையல்காரர் அடுப்பை விட்டு எழுந்து, வயல் வரைக்கும் நடந்து, பத்து அரிசியை எடுத்து வருகிறார். ஒரு சாதாரண சாப்பாட்டுக்குப் பத்துதானே வேண்டும். ஒன்று சமைக்கிறார். மறுபடி எழுந்து வயலுக்கு நடக்கிறார். போகும்போதும் வரும்போதும் சிற்பியைத் தாண்டித்தான் போகிறார். அந்த அம்மா கணப்பு எரியும் கூடத்தில் உட்கார்ந்து மரத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனுவல் மாமா:
தம்பி, அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. வெறும் டிக் போட்டால் எல்லா வேலைக்கும் ஒரே மதிப்பு. அப்போது வேலைப் பட்டியலை இடமிருந்து வலமாகப் பார்த்துத்தான் செய்வார்கள். கலை இடப்பக்கம், சுமப்பது அதற்கு வலப்பக்கம். செதுக்க மரம் இருக்கிற வரை அவள் எதற்கு எழுந்திருக்கப் போகிறாள்? மேலே இருக்கிற கையால் முன்னுரிமை கொடுக்கும் பொத்தானை அழுத்துங்கள், 1 முதல் 4 வரை எண் வரும். 1 என்றால் முதலில். சுமப்பதற்கு 1, கலைக்கு 4. முடிந்தது. அவசரம் என்றால் ஆளைத் தேர்ந்தெடுத்து, அரிசிமேல் வலது கிளிக் செய்து உடனே செய்யச் சொல்லலாம். சமையல் உத்தரவில் பொருள் தேடும் தூரத்தைக் குறைத்துவிட்டால் சமையல்காரர் வயல் வரை போகவே மாட்டார். அரிசிக் கிடங்கை அடுப்புக்கு ஒட்டியே வையுங்கள். கிடங்கின் முன்னுரிமையையும் ஏற்றிவிடுங்கள். ஆனால் இறைச்சி வெட்டும் மேசையைச் சமையலறைக்குள் வைக்காதீர்கள். தரை அழுக்கானால் சாப்பாடு விஷமாகும், அப்புறம் ஆளுக்கு ஆள் வாந்தி.

என் கதை சின்னது. எல்லைக்கு வெளியே காட்டில் தீ. வெட்டிப் போட்ட கட்டைகள் எல்லாம் எரிகின்றன. வாசலில் ஒருத்தி தரை கூட்டிக்கொண்டிருக்கிறாள். பத்தடி தள்ளித் தீ நிற்கிறது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு எல்லை என்று நாம் வரைந்ததற்கு வெளியே எரிந்தால் தானாக யாரும் அணைக்கமாட்டார்கள். கோட்டுக்குள் தீ நுழைந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். தானே தீ வைக்கிற பித்து உள்ள ஒருத்தன் மட்டும் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குணம் உள்ளவனுக்குத் தீயணைக்கும் வேலையே கிடையாது.

குகைத் தச்சன்:
நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள். குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் ஆட்டமான ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸில் நெம்புகோல் இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

எதிரிகளான கோப்ளின் பூதங்களின் படை வந்துவிட்டது. தூக்குப் பாலத்தைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். நெம்புகோலை மதுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், எப்போதும் யாராவது அங்கே இருப்பார்கள் என்று. இருந்தார்கள், கூட்டமாக. அரட்டை, பாட்டு, குடி. அந்த வேலையை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? சுரங்கத்தின் அடித்தட்டில் இருந்த ஒரு குள்ளன். படி படியாக ஏறி வருகிறான். கோப்ளின்கள் பாலத்தில் கால் வைத்தாகிவிட்டது. இவன் மதுக்கூடத்துக்குள் நுழைந்து, ஆடிக்கொண்டிருக்கிறவர்களை விலக்கிக்கொண்டு போய் இழுக்கிறான். இழுத்த பிறகும் பாலம் உடனே எழாது, கொஞ்சம் நேரம் எடுக்கும். எழுந்தபோது பாதிப் படை உள்ளே. பாலத்தின்மேல் நின்ற மிச்சப் பேர் தூக்கி வீசப்பட்டுப் பறந்தார்கள், அது ஒன்றுதான் ஆறுதல்.

பாசிப்பண்ணை:
குள்ளர்கள்மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். வேலை ஒரு பட்டியலில் விழுகிறது, ஓய்வாக இருக்கிறவன் எடுக்கிறான். குடித்துக்கொண்டிருக்கிறவன் அவன் கணக்கில் ஓய்வாக இல்லை. நெம்புகோலுக்கு ஆளை ஒதுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

எனக்கு நடந்தது ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடடில், மூச்சுக் காற்றைக்கூட நாமே தயாரிக்க வேண்டிய காலனி ஆட்டம். அங்கே முன்னுரிமை 1 முதல் 9 வரை, அதற்கும் மேலே மஞ்சள் எச்சரிக்கை. மேல்தளத்தில் பம்ப் கட்டுவதற்கு அந்த மஞ்சளைப் போட்டேன். எல்லோரும் மேலே ஓடினார்கள். கீழே டிஃப்யூசருக்கு, அதாவது பாசியை ஆக்ஸிஜனாக்கும் இயந்திரத்துக்கு, பாசி போட ஆளில்லை. ஒரு டிஃப்யூசர் நொடிக்கு 550 கிராம் பாசி தின்று 500 கிராம் ஆக்ஸிஜன் தரும், ஓர் ஆள் நொடிக்கு 100 கிராம் இழுப்பார். பாசி தீர்ந்தால் எவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கடைசியில் ஒருவன் மட்டும் பாசி மூட்டையோடு கிளம்பினான். அவனுக்குத் திடீர்த் தூக்க வியாதி. டிஃப்யூசருக்கு நாலு கட்டம் முன்னால், தரையில் படுத்துக் குறட்டை விட்டான். பாசி அவன் கையிலேயே இருந்தது.

பழைய கோட்டை:
நெம்புகோலுக்கு ஆளை ஒதுக்கலாம் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் 2006ல் வந்த ஆட்டம். ஒவ்வொரு குள்ளனுக்கும் வேலையை ஆன் ஆஃப் செய்ய மெனுவுக்குள் மெனு போக வேண்டியிருந்தது. அந்தக் கொடுமைக்காகவே ட்வார்ஃப் தெரபிஸ்ட் என்று வெளியார் ஒரு மென்பொருள் செய்தார்கள். அதைத் திறக்காமல் கோட்டை கட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்துக்கு வந்த பதிப்பில்தான் வேலைக் குழுக்கள் என்று வைத்து, பலவற்றை எல்லோருக்கும் பொதுவாக விட்டார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு கதை.

பனிக்காட்டு ராசா:
மாமா, எண் முறை எனக்குத் தெரியும். நான் தீர்வு கேட்கவில்லை. எல்லோருக்கும் சுமப்பதை 1 ஆக்கிப் பாருங்கள், ஒருத்தரும் விதைக்கமாட்டார்கள், எல்லோரும் நாள் முழுக்கக் கூலியாட்களாக அலைவார்கள்.

மேனுவல் மாமா:
எல்லோருக்கும் என்று யார் சொன்னது? இரண்டு பேருக்கு மட்டும். அதிலும் கையில் வேறு திறமை இல்லாதவர்களுக்கு. பின்புலம் பார்த்து எடுங்கள்: சிலருக்குச் சுமப்பதும் கூட்டுவதும் அடியோடு வராது, அவர்களைக் காலனியில் சேர்க்கும்போதே யோசிக்க வேண்டும். இன்னொன்று, சண்டை முடிந்ததும் எதிரிகள் விட்டுச் சென்ற பொருள்கள் தடை செய்யப்பட்டே கிடக்கும். சிவப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், அதை எடுக்காமல் ஆட்களைத் திட்டிப் பயனில்லை. நேர அட்டவணையில் ஒரு வரிசையை வேலைக்கு மட்டும் என்று மாற்றலாம், ஆனால் பொழுதுபோக்கைக் குறைத்தால் மனநிலை இறங்கும், இறங்கினால் ஒருவன் கல்லறையைத் தோண்டிப் பிணத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போடுவான். ஹஸ்கி நாய்க்குச் சுமக்கப் பழக்கிவிடுங்கள், அது சம்பளமும் கேட்காது.

வால் ஆட்டி:
மாமா சொன்ன நாய் வேலையை நான் செய்து பார்த்தேன். சுமந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஃப்ரீசருக்குள் வைக்க வேண்டுமென்றால் அதை உள்ளே விட வேண்டுமே. மான் இறைச்சியைக் கொண்டு போய் வைத்துவிட்டு, அங்கே சமைத்து அடுக்கியிருந்த நல்ல சாப்பாட்டைத் தின்றுவிட்டுத் திரும்பியது. ஃப்ரீசரை நாய் நடமாடும் எல்லையிலிருந்து எடுத்தேன், சுமப்பதும் பாதி நின்றுபோனது. சமைத்த சாப்பாட்டுக்கு மட்டும் தனி அறை கட்டி நாயைத் தடுத்தவர்கள் யாராவது உண்டா? அப்படிக் கட்டினால் சமையல்காரர் அவ்வளவு தூரம் நடப்பாரா, இல்லை தட்டைக் கீழேயே போட்டுவிட்டுப் போய்விடுவாரா?