மேயர் நாற்காலி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டாயிற்று, கோப்பு யார் கையில்?

கரிசல்மதி கேட்டது:

வணக்கம். தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களுக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு முடிகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்து வார்டில் நிற்க நினைக்கும் பெண்களுக்காக ஒரு நாள் பயிற்சி தயார் செய்கிறோம். சிலருக்குக் கட்சிப் பின்புலம் உண்டு, பலருக்கு இல்லை. வாக்குக் கேட்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள். ஜெயித்த மறுநாள் என்ன செய்வது என்பதற்குத்தான் ஆள் இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை: மேயருக்கும் கவுன்சிலருக்கும் சட்டப்படி கையில் இருப்பது என்ன? பெண்களுக்கான ஒதுக்கீடு எந்த மட்டத்தோடு நின்றுவிடுகிறது? மன்றக் கூட்டத்தில் ஒரு புது உறுப்பினர் எங்கே தடுக்கி விழுகிறார்? "கவுன்சிலர் அம்மா வீட்டுக்காரர்" எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதை விதிகளை வைத்தே எப்படி நிறுத்துவது? பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம், நடைமுறை வேண்டும்.

மன்றக்குறிப்பு எழுதியது:

வார்டு ஒதுக்கீடு வேறு, தலைவர் பதவி ஒதுக்கீடு வேறு. பயிற்சியில் முதலில் இதைப் பிரித்துச் சொல்லுங்கள். 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் என்றது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. 2022 தேர்தலில் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு வந்தன. சென்னையும் தாம்பரமும் பட்டியலினப் பெண்களுக்கு. மதுரை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், சிவகாசி, வேலூர், காஞ்சிபுரம், கடலூர் ஆகிய ஒன்பதும் பெண்கள் பொதுப்பிரிவுக்கு. ஒதுக்கீடு என்ன செய்யும் என்பதற்குச் சென்னையைப் பார்த்தால் போதும். 1957-இல் தாரா செரியன், 1971-இல் காமாட்சி ஜெயராமன். அதன்பிறகு 2022-இல் பிரியா ராஜன் வரும்வரை ஐம்பது ஆண்டுகள் ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

ஆனால் ஒதுக்கீடு அங்கேயே நின்றுவிடுகிறது. துணை மேயர் பதவிக்குக் கிடையாது. மண்டலக் குழு (சில வார்டுகள் சேர்ந்த மண்டலத்துக்கானது), நிலைக்குழு (வரி, பணிகள் போல ஒவ்வொரு துறைக்கும் கவுன்சிலர்களைக் கொண்டு அமைப்பது) ஆகியவற்றின் தலைவர் பதவிகளுக்கும் கிடையாது. பணம் ஓடும் வழி இந்தக் குழுக்களுக்குள்தான் இருக்கிறது. கல்வியும் சுகாதாரமும் பெண்களுக்குப் பொருத்தம் என்று சொல்லி அங்கே அமர்த்திவிடுவார்கள். அவை முக்கியமானவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், நகரமைப்பு, கணக்கு ஆகிய குழுக்களை வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதவியேற்ற சில வாரங்களில் குழுத் தேர்தல்கள் முடிந்துவிடும். வார்டில் நன்றி சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் முடிவாகிவிடும்.

அடுத்தது மறைமுகத் தேர்தல். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறைமுக முறையில் மேயருடைய ஆதரவு மன்றத்துக்குள்ளேதான் இருக்கிறது. சொந்தக் கட்சிக் கவுன்சிலர்கள் முகம் சுளித்தால் நாற்காலி ஆடும். 2024 ஜூலையில் கோவை மேயர் பதவி விலகினார். அதே மாதம் காஞ்சிபுரம் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராததால் தோற்றது. ஒரு விஷயம் கவனியுங்கள்: இடையில் பதவி காலியானாலும் ஒதுக்கீடு மாறாது. கோவையில் அடுத்து வந்தவரும் பெண்தான்.

இனி அதிகாரம். ஆணையர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி, நிர்வாகம் அவர் கையில். மேயரால் அவரை மாற்ற முடியாது, ஊழியர்களை நேரடியாக நியமிக்கவும் முடியாது. மன்றத்தைக் கூட்டுவது, தலைமை தாங்குவது, யாருக்குப் பேச வாய்ப்பு, எந்தப் பொருளை ஒத்திவைப்பது என்று முடிவு செய்வது ஆகியவை மேயரிடம் உண்டு. இவற்றோடு "முன்அனுமதி" என்ற ஒன்றும் உண்டு. அவசரம் என்று சொல்லி மன்றம் கூடுவதற்கு முன்பே ஒரு பணிக்கு மேயரின் ஒப்புதலை வாங்கி, பிறகு மன்றத்தில் வைத்துப் பதிவுசெய்வார்கள். கோப்பின் கடைசிப் பக்கத்தைக் காட்டி "ஒரு கையெழுத்து போதும்மா" என்று கேட்கப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். மழைக்கால மோட்டார் வாடகை உண்மையிலேயே அவசரம். பூங்காவுக்கு வண்ணம் அடிப்பது அவசரமில்லை. மறுக்க வேண்டியதில்லை, "மன்றத்தின் முன் வைக்கவும்" என்று கோப்பிலேயே எழுதித் தேதியிட்டால் போதும்.

கரிசல்மதி எழுதியது:

மிக்க நன்றி. நிலைக்குழு பற்றிச் சொன்னது எங்கள் குறிப்பில் இல்லவே இல்லை, சேர்த்துக்கொள்கிறோம். வேட்புமனுக் கட்டத்தில் கட்சி சாராத பெண்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பச்சைமை எழுதியது:

2022 நிலவரப்படி சொல்கிறேன். அடுத்த முறை தொகைகள் மாறலாம், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேட்பாளருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எந்த வார்டில் இருந்தாலும் சரி. முன்மொழிபவர் மட்டும் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். மாநகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு இதில் பாதி. செலவு வரம்பு சென்னையில் 90,000, மற்ற மாநகராட்சிகளில் 85,000.

பெண்கள் அதிகம் சிக்குவது பெயரில். வாக்காளர் பட்டியலில் அப்பா பெயரோடு, சாதிச் சான்றிதழில் கணவர் பெயரோடு, ஆதாரில் இனிஷியல் வேறாக இருக்கும். வேட்புமனுப் பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும். மூன்று மாதம் முன்பே பட்டியலில் திருத்தம் கேட்டு விண்ணப்பியுங்கள். ஒதுக்கீட்டு வார்டில் நிற்பவரின் சாதிச் சான்றிதழ் அவர் பிறப்பின்படி இருக்க வேண்டும். கணவரின் சாதியைக் கொண்டு ஒதுக்கீடு கோர முடியாது. கலப்பு மணம் செய்தவர்களுக்கு இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

தோற்றவர்களும் தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை ஆணையம் மூன்றாண்டுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். "தோத்தாச்சே, இனி எதுக்கு" என்று விட்டுவிட்டு அடுத்த வாய்ப்பையும் இழக்கிறார்கள்.

இன்னொன்று: பொது வார்டிலும் பெண் நிற்கலாம். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு அடுத்த முறை பொதுவாக மாறினால், ஐந்தாண்டு வேலை பார்த்த பெண்ணை ஒதுக்கிவிட்டு ஆண் வேட்பாளரைத் தேடுவார்கள். அந்தப் பெண் அதே வார்டில் நிற்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

அளவுப்புத்தகம் எழுதியது:

வார்டு வேலை எப்படி நகர்கிறது என்று தெரியாவிட்டால் மன்றத்தில் எவ்வளவு பேசினாலும் தெருவில் ஒன்றும் நடக்காது. வரிசையைச் சொல்கிறேன். வார்டு உதவிப் பொறியாளர் (ஏ.இ.) இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். மேல்நிலைப் பொறியாளர் தொழில்நுட்ப ஒப்புதல் தருவார். தொகையைப் பொறுத்து ஆணையரோ நிலைக்குழுவோ மன்றமோ நிர்வாக ஒப்புதல் தரும். பிறகு டெண்டர், ஒர்க் ஆர்டர், வேலை, எம்-புக்கில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) அளவுப் பதிவு, பில்.

வேலை சாகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. எஸ்டிமேட் தயாராக இருக்கும், பட்ஜெட்டின் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து நிதி என்ற குறிப்பு இருக்காது. நிதியாண்டு முடிந்ததும் எல்லாம் முதலிலிருந்து. இரண்டாவது, யாரும் டெண்டர் போடமாட்டார்கள், ஏனென்றால் எஸ்டிமேட் பழைய விலைப்பட்டியலில் இருக்கும். மூன்றாவதுதான் மோசம்: சாலை போட்ட பிறகு குழாய்க்காகத் தோண்டுவது. புதுச் சாலைக்கு ஒப்புதல் தருவதற்கு முன், பாதாளச் சாக்கடை, குடிநீர், மின்கேபிள் துறைகளிடமிருந்து "இத்தெருவில் நிலுவைப் பணி இல்லை" என்று எழுத்தில் கேளுங்கள். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா என்றும் எஸ்டிமேட்டில் பாருங்கள். சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயரும், மழைநீர் வீட்டு வாசலுக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரை அள்ளிக் கொட்டுவது யார் என்று உங்கள் குழுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யாருடைய வேலை எது என்ற பட்டியலையும் அச்சடித்துக் கொடுங்கள். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துடையவை, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மற்ற நகரங்களில் குடிநீர் விநியோகம் பெரும்பாலும் மாநகராட்சியிடமே இருக்கும். மின்சாரம், பேருந்து, காவல் மூன்றும் எங்குமே மன்றத்தின் கையில் இல்லை. முக்கியச் சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை. இது தெரியாமல் வாக்குறுதி கொடுத்தால் முதல் வருடத்திலேயே பெயர் கெடும்.

பெண்கள் கழிப்பறை கேட்கும்போது கட்டடத்தை மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் இணைப்பு, மின்விளக்கு, உள்தாழ்ப்பாள், நாப்கின் அகற்றும் வசதி, தினசரிப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் ஒரே எஸ்டிமேட்டிலும் அதோடு சேர்ந்த நிர்வாகக் குறிப்பிலும் இருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளில் பலவற்றுக்குக் கட்டப் பணம் இருந்தது, பராமரிக்கத் தலைப்பு இல்லை.

வட்டாரம்12 எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு சிறு ஒப்பீடு, உங்கட பயிற்சிக்கு உதவலாம். இங்க 2018 உள்ளூராட்சித் தேர்தலில்தான் பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு முதல் தடவை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் பெண் உறுப்பினர்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் எங்கட முறை வேறு. வட்டார (உங்கட வார்டு மாதிரி) வேட்பாளர்களில் பத்து சதவீதமும், கட்சி எடுத்த வாக்கைப் பார்த்து இடம் நிரப்புற மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்களாக இருக்க வேண்டும். அதனால் கட்சிகள் பெண்களை வட்டாரத்தில் நிறுத்தாமல் பட்டியலுக்குள் தள்ளிவிட்டன. பட்டியலால் வந்தவருக்குச் சொந்தமாக ஒரு வட்டாரம் இல்லை, சபைக்குள் "உங்களுக்கு எந்த இடம்" என்று கேட்பார்கள். குறைந்த வாக்கும் ஒரு சில இடங்களும் மட்டும் பெற்ற சிறு கட்சிகளுக்குப் பெண்களை நியமிக்கும் கடப்பாடும் இல்லை, ஆகவே பல சபைகள் 25-ஐத் தொடவே இல்லை. அதே 2018-இல் கொழும்பு மாநகர சபைக்கு முதல் பெண் முதல்வராக (மேயராக) ரோசி சேனாநாயக்க வந்தார். தமிழ்நாட்டில் பெண் உறுப்பினர் வார்டில் வாக்கு வாங்கி வருகிறார். அந்தப் பலத்தைச் சபைக்குள் சொல்லிப் பேசச் சொல்லிக் குடுங்கோ.

மன்றக்குறிப்பு எழுதியது:

வட்டாரம்12 சொன்னது நல்ல ஒப்பீடு. கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

"வீட்டுக்காரர்" விஷயத்தில் அறிவுரை சொல்லிப் பயனில்லை. விதிகளைக் காட்டுங்கள். மன்றக் கூட்டத்திலும் குழுக் கூட்டத்திலும் உறுப்பினரும் அழைக்கப்பட்ட அதிகாரிகளும் மட்டுமே உட்காரலாம். உறவினர் பார்வையாளர் மாடத்தில் இருக்கலாம், அவ்வளவுதான். மாநகராட்சியோடு நடக்கும் ஒப்பந்தத்தில் உறுப்பினருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு இருந்தால் பதவி போகும். கணவர் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ வார்டு வேலையை எடுத்தால் சிக்குவது மனைவியின் பதவிதான். இதைக் கணவர்களையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், சட்டென்று புரியும். தொடர்ந்து மூன்று மாதம் கூட்டங்களுக்கு வராவிட்டாலும் பதவி இழப்பு உண்டு. கர்ப்பம், உடல்நலக் குறைவு என்றால் முன்கூட்டியே எழுத்தில் விடுப்புக் கேட்டு, கடித நகலில் பெறப்பட்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைபேசி எண் சிறிய விஷயம்போலத் தெரியும். பதவியேற்ற அன்று அலுவலகப் படிவத்தில் யார் எண்ணைக் கொடுக்கிறாரோ, ஐந்தாண்டும் ஏ.இ.யும் சுகாதார ஆய்வாளரும் அவரையே அழைப்பார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் அந்த எண்தான் இருக்கும். உறுப்பினரின் சொந்த எண், வார்டு அலுவலகப் பலகையிலும் அதே எண்.

கூட்ட நடைமுறை: அஜெண்டாவில் நூறு பொருள்கூட இருக்கும், "அனைத்தும் நிறைவேறியது" என்று பத்து நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். முந்தின நாள் தன் வார்டு எண் வரும் பொருள்களையும், தொகை பெரிதாக உள்ள பொருள்களையும் குறித்துவைத்து, எழுந்ததும் எண்ணைச் சொல்ல வேண்டும்: "பொருள் எண் 34, ஒத்திவைக்கக் கேட்கிறேன், காரணம் இது." எண் சொல்லாமல் பேசினால் குறிப்பில் ஏறாது. அன்றைக்கு மேசையில் வைக்கும் கூடுதல் பொருள்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஆட்சேபணையைத் தாளில் எழுதி மன்றச் செயலரிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் முந்தைய நடவடிக்கைக் குறிப்பை உறுதிசெய்யும்போது அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தால் திருத்தம் கேட்பதற்கு அதுதான் நேரம்.

2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) உண்டு. இரண்டுமே கவுன்சிலர் தலைமையில். கட்சிக்குள் ஆதரவு குறைந்த பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பலம் இல்லை. பகுதி சபையில் நிறைவேறிய கோரிக்கையைக் கையெழுத்துகளோடு இணைத்துக் கொடுத்தால், அது ஒருவர் கோரிக்கை என்று தள்ளிவிட முடியாது.

மதிப்பூதியமும் கேட்பார்கள். 2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000. நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. கூலி வேலைக்குப் போகும் பெண் முழுநேரமும் வார்டைப் பார்க்க இது போதாது. வீட்டுச் செலவுக் கணக்கையும் பயிற்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போடுங்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒப்பந்தக்காரர் முதல் மாதமே வாசலுக்கு வருவார்.

கரிசல்மதி எழுதியது:

அஜெண்டாப் பயிற்சியை நேரடியாகவே செய்துபார்க்கப் போகிறோம். ஒரு மாநகராட்சியின் பழைய கூட்டப்பொருள் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டு வாங்கி, முப்பது பெண்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, அரை மணி நேரத்தில் கேள்வி எழுப்ப வேண்டிய ஐந்து பொருள்களைக் குறிக்கச் சொல்லலாம் என்று திட்டம். எம்-புக் நகல் மாதிரி ஒன்றும் சேர்த்துக் கேட்கிறோம்.

அளவுப்புத்தகம் எழுதியது:

எம்-புக் கேட்கும்போது வேலையின் பெயர், வார்டு, நிதியாண்டு, ஒர்க் ஆர்டர் எண் நான்கையும் எழுதுங்கள். ஒன்று விட்டாலும் "குறிப்பிட்ட விவரம் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு, பயிற்சித் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.