கோடைக் கடைசியில் பாடும் பறவைகள் குறைகின்றனவா? கணக்கெடுக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோடை முடியும் நேரத்தில் பாட்டுச் சத்தம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. உங்கள் பகுதியிலும் அப்படியா?

சத்தம் இல்லை என்பதாலேயே பறவை இல்லை என்றாகிவிடாது. கூடு கட்டும் காலம் முடிந்ததும் பல ஆண் பறவைகள் பாடுவதை நிறுத்தும் அல்லது குறைக்கும். பிறகு சில வாரங்களுக்கு இறகு உதிர்த்துப் புது இறகு வளர்க்கும். பறப்பது சிரமம் என்பதால் புதருக்குள் பதுங்கியே இருக்கும். வெளியே விதையும் பூச்சியும் தாராளமாகக் கிடைப்பதால் தீனித்தட்டுக்கும் வராது. அதனால் காதை மட்டும் நம்பி எண்ணினால் கணக்கு தப்பும்.

சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணுங்கள். கண்டது தனி, கேட்டது தனி. ஒவ்வொரு இனத்திலும் ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் குறித்தால் இரட்டை எண்ணிக்கை வராது. காற்று, மழை நாட்களை விட்டுவிடலாம். எதுவும் வரவில்லையா? பூஜ்யத்தையும் அவசியம் எழுதுங்கள், அதுதான் பலரும் விடுவது.

உடல் உப்பி, விழுங்கத் திணறி, அலகோரம் நனைந்த பறவை தெரிந்தால் தொற்றுநோயாக இருக்கலாம். தீனி, தண்ணீர் இரண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். தட்டை, 9 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, அலசி, நன்றாகக் காயவிடுங்கள்.

இதே வாரங்களுக்கான பழைய குறிப்புகள், ஈபேர்ட் (பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இணையதளம்) பட்டியல்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். ஒப்பிட அவைதான் தேவை.