வீடியோ காலில் மனநல சிகிச்சை: ஊரில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு நடைமுறையில் சரிவருமா?

சங்க_எழுத்தர் கேட்டது:

வணக்கம். முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு, ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் இணையதளம்) வேலைகளைப் பார்க்கிறவர்கள் சார்பில் கேட்கிறேன். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களில் "எனக்கு மனசு சரியில்லை" என்று யாரும் சொல்வதில்லை. "தூக்கம் பிடிக்கல", "தலை சூடாவே இருக்கு" என்பார்கள். பாதி நேரம் வீட்டம்மாதான் போன் செய்கிறார், அதுவும் அவர் வெளியே போன நேரமாகப் பார்த்து.

மனநல டாக்டரிடம் நேரில் போகச் சொன்னால் நகர மாட்டேன் என்கிறார்கள். வீடியோ கால் என்றால் சிலர் சரி என்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். நேரில் போவதற்கு இது ஈடாகுமா? எந்த வழியில் போனால் கைக்காசு இல்லாமல் முடியும்? பென்ஷனுக்கு ஏதாவது பாதகம் வருமா? ஆரம்பித்தவர்கள் ரெண்டு மூணு தடவையோடு விட்டுவிடுகிறார்களே, அது ஏன்?

உளவியல்_மேசை:

ஈடாகும். போர் அதிர்ச்சிப் பாதிப்பு (பிடிஎஸ்டி) உள்ள அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நேர் சிகிச்சையையும் வீடியோ சிகிச்சையையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் பலன் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அங்கே வீடியோவில் நடந்தது சும்மா ஆறுதல் பேச்சு இல்லை, கணக்கு வைத்துச் செய்யும் சிகிச்சை. ஒரு முறையில் 12 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். அதிர்ச்சி தந்த சம்பவத்தால் மனதில் ஊறிப்போன முடிவுகளை ("நான் கொஞ்சம் முன்னாடி போயிருந்தா அவன் பிழைச்சிருப்பான்") எழுத வைத்து ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பார்கள். இன்னொரு முறையில் 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. சம்பவத்தைக் கண்ணை மூடித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, அந்தப் பதிவை வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். முதல் சில வாரம் சிலருக்குக் கெட்ட கனவு கூடலாம். அது எதிர்பார்க்க வேண்டியதுதான், ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லிவைப்பதில்லை. "பேசப் பேச மோசமாகுது" என்று மூன்றாவது வாரம் நிறுத்துகிறவர்களில் சிலருக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆரம்பத்திலேயே பிசிஎல்-5 என்ற 20 கேள்வித் தாளை நிரப்பச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31–33 தாண்டினால் போர் அதிர்ச்சிப் பாதிப்பு இருக்கிறதா என்று முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. சில அமர்வுக்கு ஒருமுறை இதே தாளை மறுபடி போட வேண்டும். அது எதுவும் கேட்காமல் பத்து வாரம் பேசிக்கொண்டே இருப்பவரிடம் மேற்கொண்டு பணம் கட்ட வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள், கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண். "கவுன்சலர்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு போட்டுக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி யாரும் எழுதாத விஷயம், காது. பீரங்கிப் படை, டாங்கி, சுடுதளத்தில் பயிற்சி கொடுத்தவர்கள், இவர்களில் நிறைய பேருக்கு மேல் சுருதி கேட்காது. ச, த, ப எல்லாம் ஒன்றாகிவிடும். பெண் குரலில் மெதுவாகப் பேசும் தெரபிஸ்ட் போன் ஸ்பீக்கரில் வந்தால் பாதி வார்த்தை போய்விடும். அவர் "என்ன?" என்று கேட்க மாட்டார், தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த வாரம் வர மாட்டார். இரண்டு காதையும் மூடும் ஒயர் ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரபிஸ்ட் பேசுவது கேட்காது என்பது கூடுதல் லாபம்.

உட்காரும் இடமும் முக்கியம். முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு எதிரே கதவு. கதவுக்கு முதுகு காட்டி ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் மனம் முழுக்கப் பின்னாலேயே இருக்கும். போனை ஸ்டாண்டில் அல்லது சொம்பில் சாய்த்து வையுங்கள், கையில் பிடித்தால் இருபதாவது நிமிஷம் கை தளர்ந்து மோட்டுவளைதான் தெரியும். ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜிபி முதல் 1 ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் பேரன் காலையிலேயே கிரிக்கெட் பார்த்துவிட்டால் சாயங்கால அமர்வு பாதியில் நிற்கும். அமர்வைக் காலையில் வையுங்கள்.

பாலிகிளினிக்_வரிசை:

வழிகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநலத் தொலைபேசி சேவை. 24 மணி நேரம், இலவசம், தமிழில் பேசலாம். 2023 டிசம்பர் 1 அன்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் முப்படையினருக்கும் குடும்பத்துக்கும் என்று தனிப் பிரிவும் திறந்தார்கள். முதலில் கவுன்சலர் எடுப்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். வீட்டம்மாவே தனக்காகவும் கூப்பிடலாம், கணவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் அதே ஆள் எடுப்பார் என்று சொல்ல முடியாது. முதல் படிக்கு நல்லது, 12 வார சிகிச்சைக்கு இது போதாது.

செஹத் ஓபிடி. 2021 மே 27 முதல் பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் வீடியோ புறநோயாளி சேவை. பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், குடும்பத்தார் எல்லோருக்கும் உண்டு. மொபைல் எண், ஓடிபி, பழைய ரிப்போர்ட் ஏற்றுவது, டோக்கன், வரிசை, டாக்டர், கடைசியில் மருந்துச் சீட்டு. மருந்து ஆலோசனைக்குச் சரி. வாராவாரம் உட்கார்ந்து பேசுகிற சிகிச்சையை இதில் தேடாதீர்கள்.

தொடர் சிகிச்சைக்கு ஈசிஎச்எஸ். ஈசிஎச்எஸ் பாலிகிளினிக் மருத்துவ அலுவலரைப் பார்த்து, திட்டத்தின் பட்டியலில் உள்ள, மனநலப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்குங்கள். அங்கே முதல் தடவை நேரில் போய்க் காட்டிவிட்டு, "அடுத்தடுத்ததை வீடியோவில் பார்ப்பீர்களா, உளவியலாளர் யார், தமிழில் பேசுவாரா" என்று அங்கேயே கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள். ரெஃபரல் வாங்காமல் தனியார் ஆப்பில் கட்டிய பணத்தை பில் வைத்துத் திரும்ப வாங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பென்ஷன்: சர்வீஸ் பென்ஷன் பார்த்த சர்வீஸுக்கு வருவது. இப்போது மனநல சிகிச்சை எடுத்தால் அது குறையாது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது நோயாளியின் உரிமை என்று 2017 மனநலச் சட்டம் 23ஆம் பிரிவு சொல்கிறது. டிஎஸ்சியில் (பாதுகாப்புத் துறையின் காவல் படை) மறுபடி சேர நினைப்பவர் கதை வேறு, அங்கே மெடிக்கல் உண்டு. அதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளட்டும்.

தூக்க மாத்திரை: அல்பிரசோலம் போன்றவை போதைப்பொருள் சட்டத்தில் வருவதால் 2020 டெலிமெடிசின் விதிப்படி வீடியோவில் பார்த்து எழுதித்தரக் கூடாது. "டாக்டர் மாத்திரை எழுத மாட்டேங்கறார்" என்று கோபப்பட வேண்டாம்.

முக்கியமானது கேண்டீன் கோட்டா, அதாவது ராணுவக் கேண்டீனில் கிடைக்கும் மது. தினமும் குடிப்பவர், "ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிறோம், இன்னையிலிருந்து நிறுத்திட்டேன்" என்று வீராப்பாக நிறுத்துவார். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். உயிருக்கு ஆபத்து. இதை வீடியோவில் சமாளிக்க முடியாது. நீண்ட நாள் குடித்தவர் நிறுத்துவது மருத்துவமனையில் சேர்ந்துதான். அது முடிந்த பிறகு வீடியோ.

மனநல_சமூகப்பணி:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஒன்றைத் தவிர. ஹெட்செட்டோடு கதவைச் சாத்திக்கொண்டால் போதாது. மூன்று நான்கு அமர்வுக்கு ஒருமுறை கடைசி 15 நிமிஷம் வீட்டம்மாவையும் கூப்பிடச் சொல்லுங்கள். மற்ற நேரம் அவர் கதவோரம் நின்று கேட்கக் கூடாது, "இவர் சொல்றது அப்படி இல்ல மேடம்" என்று நடுவில் வந்து மொழிபெயர்க்கவும் கூடாது.

பதிவைத் தினமும் கேட்கும் முறை என்றால், அது குடும்பத்தில் எல்லோரும் எடுக்கும் போனில் இருக்கவே கூடாது. தனி போன், பூட்டு, தானாகப் பேக்கப் ஆவதை நிறுத்துதல்.

ராத்திரி அலறினால் தோளைத் தொட்டு உலுக்காதீர்கள். அடி விழும், காலையில் அதற்காக அவர் உடைந்துபோவார். லைட்டைப் போட்டு, கால்மாட்டில் கை எட்டாத தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: "நம்ம வீட்டுல இருக்கீங்க, மணி ரெண்டு." பிள்ளைகளை எழுப்ப அனுப்பவே கூடாது.

கல்யாணம், திருவிழா, பஸ் ஸ்டாண்ட் என்று அவருக்கு ஆகாததையெல்லாம் வீடே சேர்ந்து தவிர்க்கும். பாசம்தான். ஆனால் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கெட்டியாகும். எதை, எந்த வாரம், எவ்வளவு நேரம் எதிர்கொள்வது என்பதை அந்த 15 நிமிஷத்தில் தெரபிஸ்டோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். தீபாவளி வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

துப்பாக்கி. பேங்க் செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் எடுத்தவர்கள் உங்கள் பட்டியலிலேயே இருப்பார்கள். சிகிச்சை முடியும்வரை அது வீட்டில் வேண்டாம். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது அவர்களுக்குப் பழகியதுதான், அதே மாதிரி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ வைக்கலாம். பூச்சிமருந்தையும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். "சாகணும் போல இருக்கா" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியே விடாமல் 14416, உடனடி ஆபத்து என்றால் 108.

முதல் அமர்விலேயே தெரபிஸ்டிடம் தெருப் பெயரோடு முகவரி, பக்கத்து வீட்டு எண், அருகிலுள்ள அரசு மருத்துவமனை மூன்றையும் கொடுத்துவிடுங்கள். லைன் கட்டானால் ஐந்து நிமிஷம் காத்திருப்பது, பிறகு சாதா கால், அதையும் எடுக்காவிட்டால் வீட்டம்மாவுக்கு. இதை முதலிலேயே பேசிவையுங்கள்.

சங்க_எழுத்தர்:

நன்றி. வீர நாரிகளுக்கும் (பணியில் உயிரிழந்த வீரர்களின் மனைவிகள்) இதே வழிதானா? இன்னொன்று, இப்போது வரும் போனில் ஹெட்செட் குத்த ஓட்டையே இல்லையே.

பாலிகிளினிக்_வரிசை:

குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவிக்கு ஈசிஎச்எஸ் உண்டு. அவர் பெயரில் கார்டு இருந்தால் ரெஃபரலும் அவர் பெயரிலேயே வாங்கலாம். 14416-க்கு எந்தக் கார்டும் வேண்டாம்.

உளவியல்_மேசை:

சி-டைப் முனையோடு வரும் ஒயர் ஹெட்செட் வாங்குங்கள். ப்ளூடூத் வேண்டாம், சார்ஜ் போட மறந்த நாளில்தான் அமர்வு இருக்கும். அதில் மைக் இருக்கிறதா என்று கடையிலேயே ஒரு கால் போட்டுப் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் சத்தத்தை அமர்வு நேரத்தில் நிறுத்தி வையுங்கள். கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது காதுக்குள் 'டிங்' என்று விழுந்தால் ஆள் எழுந்தே போய்விடுவார்.