கதிர் கறுப்புப் பூனையா? – எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

தனம்: கதிர் கறுப்புப் பூனைப் படைக்குப் போய்விட்டானாமே. பால்காரர் வீட்டில் கேட்கிறார்கள். பெற்றவளுக்குத் தெரியாதது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து போனும் எடுக்கவில்லை.

செல்லம்: யார் சொன்னது

அருண்: கறுப்புப் பூனை இல்லை பெரியம்மா, கோப்ரா. முந்தாநாள் என்னிடம் சொன்னான்.

தனம்: அது என்னடா பாம்புப் பேர்

சுதா: அருண், இரண்டு நாளாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயா?

அருண்: வீட்டில் சொல்ல வேண்டாம் என்றான் அக்கா

செல்லம்: பாண்டி முனி கோயில் கிடாவெட்டுக்கு வருவானா, அதை முதலில் கேளுங்கள். வேன்காரர் முன்பணம் கேட்டு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

பாண்டி: தனம், பதறாதே. இரண்டும் வேறு வேறு. கறுப்புப் பூனை என்பது என்.எஸ்.ஜி., தேசியப் பாதுகாப்புப் படை. 1984ல் பொற்கோயிலுக்குள் ராணுவம் போனது அல்லவா, அதற்குப் பிறகு இந்த மாதிரி வேலைக்கென்றே உண்டாக்கிய படை. விமானத்தைக் கடத்தினால், ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிட்டால், அவர்கள் போவார்கள். ஜெயலலிதா அம்மாவைச் சுற்றி நின்றார்களே, அவர்களேதான். அந்த வி.ஐ.பி. பாதுகாப்பை மத்திய ரிசர்வ் போலீஸான சி.ஆர்.பி.எஃப்.பிடம் மாற்றிவிட 2024ல் மத்திய அரசு முடிவு எடுத்தது. பால்காரர் வீட்டில் அதையும் இதையும் சேர்த்துக் குழப்பியிருப்பார்கள்.

பாண்டி: கோப்ரா என்பது கதிர் இருக்கிற சி.ஆர்.பி.எஃப்.புக்குள்ளேயே ஒரு பிரிவு. 2008ல் ஆரம்பித்தார்கள், 10 பட்டாலியன். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மாதிரி இடங்களில் காட்டுக்குள் இறங்கி மாவோயிஸ்டுகளைத் தேடுகிற வேலை. யாரையும் பிடித்துத் தள்ள மாட்டார்கள். தானாக எழுதிக் கொடுத்தவர்களில்தான் பார்த்து எடுப்பார்கள். 3 மாதம் போலப் பயிற்சி. முடியவில்லை என்றால் பழைய பட்டாலியனுக்கே வந்துவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

தனம்: தானாகவா எழுதிக் கொடுத்தான்?

பாண்டி: ஆமாம்மா.

செல்லம்: ஐயோ

ராமர்: அன்றைக்கே அக்னிவீரில் போகச் சொன்னேன். யாரோ தடுத்துவிட்டார்கள்.

பாண்டி: யாரோ இல்லை மச்சான், நான்தான் தடுத்தேன். கொரோனாவில் 2 வருடம் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமே நடக்கவில்லை. பிள்ளை தினமும் கண்மாய்க் கரையில் ஓடி ஓடிக் காத்திருந்தான். 2022ல் 4 வருடத்துக்கு மட்டும் அக்னிவீர் என்று ராணுவத்தில் ஆள் எடுக்கிற அக்னிபத் திட்டம் வந்தது. 4 வருடம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரம் செய்வோம் என்றார்கள். மற்ற 75ல் இவன் விழுந்தால் யார் பொறுப்பு? இங்கே சி.ஆர்.பி.எஃப்.பில் 60 வயது வரை வேலை. அதுவும் இந்தத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று வந்த முதல் வருடத்தில், 2024ல், எழுதித் தேறியவன் அவன். அதைக் குறைத்துப் பேசாதே.

ராமர்: குறைத்துப் பேசவில்லை. சொன்னதைச் சொன்னேன்.

சுதா: ஓய்வூதியம் உண்டா மாமா?

பாண்டி: ராணுவத்தில் இருந்த எனக்கு வருகிற மாதிரி கிடையாது. ராணுவத்துக்குப் பழைய ஓய்வூதியம். சி.ஆர்.பி.எஃப். மாதிரித் துணை ராணுவத்தில் 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற திட்டம். இவர்கள் உள்துறை, நாங்கள் பாதுகாப்புத் துறை, அதுதான் காரணம். குண்டு துறை பார்த்தா வருகிறது? காஷ்மீர் புல்வாமா குண்டுவெடிப்பில் 2019ல் உயிர்விட்ட 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். பிள்ளைகள். நம் கயத்தாறு பக்கத்துப் பையன் ஒருவனும் அதில். இந்த வித்தியாசம் எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை.

அருண்: ஆனால் எல்லாவற்றிலும் டாப் மார்க்கோஸ்தான் மாமா. 2008ல் மும்பை தாஜ் ஓட்டலுக்குள் பயங்கரவாதிகள் புகுந்தபோது கமாண்டோக்களில் முதலில் போனது அவர்கள்தான்.

பாண்டி: உண்மைதான் மாப்பிள்ளை. கடற்படைக்காரர்கள், 1987லிருந்து இருக்கிறார்கள், மும்பையிலேயே இருந்ததால் அன்று ராத்திரியே உள்ளே போனார்கள். என்.எஸ்.ஜி. டெல்லிப் பக்கமிருந்து வந்து சேர விடிந்துவிட்டது. அதனால்தான் மறு வருடம் மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தாவில் என்.எஸ்.ஜி.க்குத் தனித் தளம் போட்டார்கள். அதற்காக மார்க்கோஸ் பெரிது, என்.எஸ்.ஜி. சிறிது என்று ஆகிவிடுமா? உழவு மாட்டையும் வண்டி மாட்டையும் பக்கத்தில் நிறுத்தி எது நல்ல மாடு என்று கேட்கிறாய். 2016ல் எல்லை தாண்டிப் போய் அடித்துவிட்டு வந்த ராணுவப் பாரா கமாண்டோவுக்கு ஒரு ராத்திரி வேலை. கோப்ராக்காரன் அரிசியையும் தண்ணீரையும் முதுகில் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் காட்டுக்குள் கிடப்பான். டி.வி.யில் முகம் வராது, பேரும் வராது.

அருண்: வீரப்பனைச் சுட்டுக் கொன்ற நம் அதிரடிப்படை, எஸ்.டி.எஃப்.?

பாண்டி: அது மாநில போலீஸ். ஆந்திராவில் 1989ல் ஆரம்பித்த கிரேஹவுண்ட்ஸும் அப்படித்தான்.

செல்லம்: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? சுதா காதுகுத்துக்கு எடுத்தது திரும்பி வரவே இல்லை.

ராமர்: எங்கள் வீட்டில் இல்லை

செல்லம்: உன் வீட்டில் என்று நான் சொல்லவே இல்லையே

தனம்: அண்ணே, எனக்கு இதெல்லாம் வேண்டாம். ஆபத்தா இல்லையா, அதை மட்டும் சொல்.

பாண்டி: இல்லை என்றால் பொய். துப்பாக்கியைவிட மண்ணுக்குள் புதைத்து வைக்கிற கண்ணிவெடிதான் பயம். அப்புறம் மலேரியா. 2010ல் சத்தீஸ்கர் தண்டேவாடாவில் ஒரே நாளில் 76 பேர்

சுதா: மாமா, அதை அழியுங்கள். அம்மா பார்த்துவிடுவாள்.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

தனம்: படித்துவிட்டேன்.

பாண்டி: முழுவதும் கேள் தனம். அவர்கள் கோப்ரா இல்லை, சாதாரண பட்டாலியன். அதற்குப் பிறகுதான் வீரப்பன் வேட்டையை நடத்திய விஜயகுமாரைச் சி.ஆர்.பி.எஃப்.புக்கே தலைவராகப் போட்டார்கள். காட்டில் எப்படி நடக்க வேண்டும், எங்கே உட்காரக் கூடாது, போன வழியில் ஏன் திரும்பக் கூடாது, இதைத்தான் கோப்ராவில் தேய்த்துத் தேய்த்துச் சொல்லிக் கொடுப்பார்கள். தெரியாமல் காட்டுக்குள் போகிறவனைவிடத் தெரிந்து போகிறவன் திரும்பி வருவான். 17 வருடம் உடுப்புப் போட்டவன் சொல்கிறேன்.

தனம்: (குரல் பதிவு 0:48)

சுதா: அம்மா அழாதே. நான் கூப்பிடுகிறேன்.

ராமர்: மதினி, நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வருகிறேன்.

கதிர்: அம்மா, டூட்டியில் இருந்தேன், போன் கையில் இல்லை. பேர் கொடுத்தது உண்மை. இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தாண்ட வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பாய் என்றுதான் சொல்லவில்லை.

கதிர்: அருண், உன்னை வந்து வைத்துக்கொள்கிறேன்

பாண்டி: கதிர், பாதத்தைப் பார்த்துக்கொள். ஈர சாக்ஸோடு தூங்காதே. இப்போதிருந்தே மூட்டையோடு நடந்து பழகு. பிற்பாடு என்.எஸ்.ஜி.க்கும் துணை ராணுவத்திலிருந்து ஆள் எடுப்பார்கள், அந்த வழியும் இருக்கிறது.

கதிர்: சரி மாமா

தனம்: உன் பேரில் பாண்டி முனிக்கு ஆடு நேர்ந்திருக்கிறேன். நீ இல்லாமல் வெட்ட மாட்டேன்.

கதிர்: லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன் அம்மா. கிடைத்தால் அந்த ஞாயிறு, இல்லை என்றால் அடுத்த மாதம்.

செல்லம்: அப்போ வேன்காரரிடம் என்ன சொல்ல?

ராமர்: முன்பணம் நான் கொடுக்கிறேன் அக்கா. தேதி பிறகு சொல்வோம் என்று சொல்.

செல்லம்: தேதி சொல்லாமல் எப்படி வாங்குவார்

தனம்: அண்ணே, அந்த 3 மாதப் பயிற்சி எந்த ஊரில்?

பாண்டி: கர்நாடகாவில் பெல்காம் பக்கம் அவர்களுக்குப் பள்ளி இருக்கிறது.

தனம்: மதுரையிலிருந்து ரயில் உண்டா?

ராமர்: விசாரித்துச் சொல்கிறேன் மதினி.

செல்லம்: அண்டா?