வாசிக்கத் திணறுத பிள்ளைகளே முதல்ல அவுட் ஆகுதாங்க, என்ன செய்ய?

கேள்வி: ஆறாம் வகுப்பு, 38 பிள்ளைகள், 40 நிமிஷப் பீரியடு. அட்டையைக் காட்டுவேன், இங்கிலீஷ் வார்த்தையை வாசிக்கணும், தப்புன்னா அவுட். பயிற்சி வேண்டிய பிள்ளைகளே அஞ்சே நிமிஷத்துல உக்காந்துருதாங்க. அப்புறம் பின் பெஞ்சுல ஒரே சத்தம். வேற வழி இருக்கா?

பதில் 1: டீச்சர், பிள்ளைக்குப் பதிலா சீட்டை அவுட் ஆக்குங்க. ஆறு பேருக்கு ஒரு டப்பா, அதுல 30 வார்த்தைச் சீட்டு, 'டமார்'னு எழுதின சீட்டு 4. சரியா வாசிச்சா சீட்டு கையில. தப்புன்னா பக்கத்துப் பிள்ளை வாசிச்சுக் காட்டணும், இவன் திருப்பிச் சொல்லிட்டு டப்பாவுல போடணும். டமார் வந்தா கையில உள்ள அத்தனையும் டப்பாவுக்குள்ள. நல்லா வாசிக்கவனும் காலியாவான், அதனால யாரும் நம்பிக்கை இழக்க மாட்டாங்க. டமார் சீட்டையும் திரும்பப் போட மறக்காதீங்க, நாலும் தீர்ந்துட்டா விறுவிறுப்பே போயிரும். 8 நிமிஷத்துல நிறுத்தி எண்ணுங்க.

பதில் 2: பேசிப் பழக, வகுப்போட நாலு மூலைக்கும் பேட்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசினு பேர் வைங்க. ஒருத்தர் கண்ணை மூடி ஊர் பேர் சொல்லணும், அந்த மூலையில நிக்கவங்க அவுட். "ஐ ஆம் கோயிங் டு ஆலங்குளம்"னு முழுசாச் சொன்னா மறுபடி ஆட்டத்துல சேரலாம். 'ஆம்' விட்டுப்போகும், அதைத்தான் கவனிக்கணும். ஒரு தடவைக்கு 20 பேர் போதும், மிச்சப் பேர் நடுவர்.

பதில் 3: 'இஸ்கூல்'னு வாசிச்சா அவுட் கொடுக்காதீங்க, வார்த்தை புரியுது. 'ஃபேன்' 'பேன்' ஆனா பொருளே மாறுது, அங்கே மட்டும் நிறுத்தித் திருத்துங்க.